கடற்கரை வீதி மதிலில் என் முகம்

எங்கள் ஊரில் சாதாரண ஆள் ஒருவரின் முகம் மதிலில் வரவேண்டுமென்றால் இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, தேர்தலில் நிற்க வேண்டும். மற்றது, செத்துப்போக வேண்டும். இரண்டையும் செய்யாமலே நான் குருநகர்க் கடற்கரை வீதியில் ஒரு மதிலில் ஏறினேன். அதனால் வந்த வினையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தபால் கந்தோரில் முப்பது வருடத்துக்கு மேல் முத்திரை குத்தி ஓய்வு பெற்ற ஆண்டிலேயே எனக்குச் சீனி வருத்தம் என்று கண்டுபிடித்தார்கள். பின்னேரங்களில் முக்கால் மணித்தியாலம் நடக்கச் சொன்னார் டொக்டர். நான் கலியாணம் செய்யவில்லை. அம்மா விட்டுப்போன வீட்டில் தனியாக இருக்கிறேன். நடக்காமல் விடுவதற்கு ஒரு சாட்டும் இருக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு, எங்கள் ஒழுங்கையால் இறங்கி, கடற்கரை வீதியால் ஐஸ் கொம்பனி வரை போய்த் திரும்புவேன். போகும்போது வலது கைப் பக்கம் கடல், இடது கைப் பக்கம் மதில்கள். அறுபது வருடம் பார்த்த கடலைத் திரும்பத் திரும்பப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. ஆகவே மதில்களைப் பார்த்தேன்.

மதில்களில் ரியூசன் விளம்பரங்களும் மரண அறிவித்தல்களும் இருக்கும். நான் தபால் கந்தோர்க்காரி, விலாசம் ஒன்றைக் கண்டால் வாசிக்காமல் போகத் தெரியாது. 'கண்ணீர் அஞ்சலி' என்று மேலே போட்டு, கறுப்புக் கரை கட்டி, நடுவில் படமும் கீழே பிறந்த இடம், வசித்த இடம், திகதி எல்லாமும் இருக்கும். சைக்கிளில் போகிறவர்கள்கூட ஒரு காலை ஊன்றி நின்று வாசித்துவிட்டுத்தான் போவார்கள். அவற்றை ஒருவரும் கிழிப்பதில்லை. மழை வந்து கழற்றும்வரை செத்தவர்கள் மதிலிலேயே இருப்பார்கள்.

நடக்கத் தொடங்கி இரண்டாம் மாதம் என்று நினைக்கிறேன், ஐஸ் கொம்பனி மதிலில் ஒரு வள்ளத்தின் நீளத்துக்கு ஒரு மீன் கிடந்தது. இரண்டு பெண் பிள்ளைகளும் ஓர் இளைஞனும் வாளிகளோடு நின்று வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிற வயது அவர்களுக்கு. நான் நின்றேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"என்ன பிள்ளை கீறுறியள்?"

"மீன், அன்ரி," என்றாள் தலையில் துவாயைக் கட்டியிருந்தவள்.

"மீனெண்டு தெரியுது. எந்த மீன்?"

"பாரை."

"உது செத்த பாரை."

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஏன் அன்ரி அப்பிடிச் சொல்லுறியள்?"

"கண்ணைப் பாருங்கோ. உள்ளுக்கை போய், பால் படிஞ்சு கிடக்கு. ஐஸிலை மூண்டு நாள் கிடந்த மீனுக்குத்தான் உப்பிடிக் கண் இருக்கும்."

"சந்தையிலை பாத்துத்தானே கீறினனாங்கள்," என்றாள் அவள், கொஞ்சம் கோபமாகத்தான்.

"சந்தையிலை ஆர் உயிரோடை மீன் விக்கிறது?"

நான் சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். அடுத்த நாள் வந்து பார்த்தபோது கண் கறுத்து, தெளிந்து, ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியோடு இருந்தது. பாரை உயிரோடு போய்க்கொண்டிருந்தது. எனக்கு அன்று நடந்த தூரம் தெரியவில்லை. முக்கால் மணித்தியாலம் ஒன்றரை மணித்தியாலமாகிவிட்டது.

அதன் பிறகு நான் டொக்டருக்காக நடக்கவில்லை. பிள்ளைகள் எந்த மதிலைப் பிடித்திருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக நடந்தேன். யாழ்ப்பாணம் என்றதும் பனைமரத்தைக் கீறாதவர்கள் என்பதே அவர்களில் எனக்குப் பிடித்த முதல் விஷயம். கருவாடு காயப்போடும் இடத்துக்குப் பக்கத்து மதிலில் ஒரு காகம் சைக்கிள் ஹாண்டிலில் இருந்து எங்களைச் சந்தேகமாகப் பார்க்கும். பழைய மீனவர் சங்கக் கட்டடத்தின் சுவரில் சண்டைக் காலத்தில் சன்னம் பட்ட ஓட்டைகள் நிறைய உண்டு. ஒருவரும் அவற்றைப் பூசவில்லை. இந்தப் பிள்ளைகளும் பூசவில்லை. ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் ஒரு நண்டு எட்டிப் பார்க்கிற மாதிரிக் கீறிவிட்டார்கள். நான் இருபத்துமூன்று நண்டு எண்ணினேன். அந்தச் சுவருக்கு முன்னால் முப்பது வருடமாகத் தலையைக் குனிந்துகொண்டு போனவள், அன்றுதான் நிமிர்ந்து பார்த்தேன். சிரிப்பு வந்தது.

எல்லாப் படத்தின் முன்னாலும் நின்ற நான் ஒரு படத்தை மட்டும் வேகமாகக் கடந்துபோவேன். துறைக்குப் போகும் வழியில் இருக்கிறது. கவிழ்த்து வைத்த வள்ளத்தின் மேல் இரண்டு பெண் பிள்ளைகள் இருந்து ஒரே ஐஸ்பழத்தை மாறி மாறிச் சாப்பிடுகிறார்கள். நல்ல படம். ஆனால் எனக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள்.

அவள் பட்டணத்தில் ஒரு தையல் கடையில் வேலை செய்தாள். அங்கே துணி தைக்க வந்த, சண்டிலிப்பாயில் தோட்டம் செய்கிற கமக்காரர் ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். நாங்கள் கத்தோலிக்க வேதக்காரர், அவர் சைவம். எனக்குக் கோபம் அதிலில்லை. ஒரே குசினியில் நின்று தேத்தண்ணி குடிக்கிறவள் அதை என்னிடம் வாயால் சொல்லாமல், வீட்டை விட்டுப் போனபின் கடிதத்தில் எழுதிப் போட்டாள். அந்தக் கடிதம் என் கந்தோருக்கே வந்தது. முத்திரை குத்தும்போதுதான் கையெழுத்தைக் கண்டேன். மற்றக் கடிதங்களையும் குத்தி முடித்துவிட்டுத்தான் அதை உடைத்தேன்.

இரண்டு வருடத்தில் அம்மா செத்தார். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போகவேண்டும் என்பார்கள். பகையாளியும் செத்த வீட்டுக்கு வருவான். தங்கச்சியும் வந்தாள். அம்மாவின் தலைமாட்டில் இருந்து அழுதவளிடம், சனம் எல்லாம் கேட்க நான் சொன்னேன்: "உயிரோடை இருக்கேக்கை வழி தெரியேல்லை. இப்ப தெரிஞ்சிட்டுதோ?"

அவள் அழுகையை நிறுத்தினாள். எழும்பினாள். "இனி இந்த வாசலுக்கு உன்ரை செத்த வீட்டுக்குத்தான் வருவன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

விடைபெறும்போது 'போட்டு வாறன்' என்பது எங்கள் பேச்சு. போகிறேன் என்பதோடு திரும்பி வருவேன் என்பதையும் சேர்த்துச் சொல்வது. செத்த வீட்டில் மட்டும் அதைச் சொல்லக்கூடாது. பேசாமல் எழும்பிப் போய்விட வேண்டும்; சொன்னால் இன்னொரு முறை இப்படியொரு காரியத்துக்கு வருவேன் என்று சொன்னதாகிவிடும். என் தங்கச்சியோ அந்த வழக்கத்தைத் தலைகீழாக்கினாள். போட்டு வாறன் என்று சொல்லவில்லை, ஆனால் எதற்கு வருவேன் என்பதைச் சொல்லிவிட்டுப் போனாள்.

பதினொரு வருடம். சண்டிலிப்பாய்க்கு பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம்கூட இல்லை. அவளுடைய பெயருக்குப் போகும் கடிதங்கள் சில என் கையால் பைக்குள் விழுந்திருக்கின்றன. பஸ்ஸில் ஏற நான் ஒருநாளும் நினைக்கவில்லை என்றால் பொய். ஏறவில்லை. பிழை முதலில் அவளுடையது என்று வைத்துக்கொண்டிருந்தேன். சீனி வருத்தம் வந்த பிறகுதான் ஒரு பயம் பிடித்தது. அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள். நான் சாகும்வரை வரமாட்டாள். வந்தாலும் எனக்குத் தெரியாது.

இப்படியிருக்கும்போதுதான் துவாய் கட்டிய பிள்ளை ஒருநாள் கேட்டாள்: "அன்ரி, உங்களைக் கீறட்டோ?"

"என்னிலை என்ன இருக்கு?"

"நீங்கள் குடையோடை நிண்டு எங்களைப் பேசுறது இருக்கெல்லோ, அது."

அன்று ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய் வந்த வெள்ளைச் சேலையோடு நின்றேன். போனில் படம் எடுத்தார்கள். எங்கள் ஒழுங்கை கடற்கரை வீதியில் சேரும் முடக்கில் ஒரு பழைய மண்ணெண்ணெய்க் களஞ்சியம் பூட்டிக் கிடக்கிறது. அதன் மதிலில் நான்கு பின்னேரம் வேலை செய்தார்கள். என்னைப் பார்க்க விடவில்லை. பெயரை மட்டும் போடவேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன்.

ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தேன். ஆள் உயரத்தில் நான் நின்றேன். வெள்ளைச் சேலை, விரித்த குடை, ஏதோ சொல்ல வாயெடுக்கிற முகம். நாடியில் இருக்கிற மச்சத்தையும் விடவில்லை. மதில் ஊத்தையிலிருந்து படம் பிரிந்து தெரியவேண்டும் என்று சுற்றிவரக் கறுப்பில் ஒரு கரை அடித்திருந்தார்கள். கீழே, வேலை முடித்த திகதி. எனக்குச் சந்தோசமாக இருந்தது. என்னை ஒருவர் இவ்வளவு நேரம் உற்றுப் பார்த்திருக்கிறார் என்று நினைக்க அழுகையும் வந்தது. குடையைச் சாய்த்துப் பிடித்து மறைத்துக்கொண்டேன்.

மூன்று நாள்தான் அந்தச் சந்தோசம். அந்த முடக்கு ஊரறிந்த மூத்திர மூலை. நான்காம் நாள் போனபோது படத்தில் என் முழங்கால் வரைக்கும் ஈரம். சேலைக் கரையால் வடிந்து வீதிக்கு வந்திருந்தது. எனக்கு வந்த கோபத்தில் அன்று முழுவதும் சீனி ஏறியிருக்கும்.

இதற்கு எங்கள் ஊரில் ஒரு வைத்தியம் உண்டு. சாமி படம் போட்ட ஓடு ஒன்றைச் சுவரில் பதித்துவிடுவார்கள். பிள்ளையாருக்கு முன்னாலும் யேசுவுக்கு முன்னாலும் எந்த ஆம்பிளையும் நின்று காரியம் பார்க்கமாட்டான். ஆனால் மாதாவை அந்த நாற்றத்தில் கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. யோசித்து, ஒரு கண்ணாடிக் குவளைக்குள் மெழுகுதிரி ஒன்றைக் கொளுத்திப் படத்தின் காலடியில் வைத்தேன். முற்றத்து நந்தியாவட்டையில் பத்துப் பூப் பிடுங்கி முன்னால் போட்டேன். திரியும் பூவும் இருக்கும் இடத்தில் ஏதோ புனிதம் இருக்கிறதென்று ஆள்கள் ஒதுங்குவார்கள் என்பது என் கணக்கு. கணக்குப் பிழைக்கவில்லை. அடுத்த நாள் மதில் காய்ந்திருந்தது. அதற்கடுத்த நாளும். தினமும் பின்னேரம் பூ மாற்றினேன்.

வெள்ளைச் சேலை, கறுப்புக் கரை, கீழே திகதி, முன்னால் மெழுகுதிரியும் பூவும். ஊரில் விழுந்த அத்தனை சாவையும் மதிலில் வாசித்தவளுக்குத் தன் சாவு கண்ணில் படவில்லை.

முதலில் அதைக் காட்டித் தந்தவர் என்னோடு கந்தோரில் வேலை செய்த ஓர் அண்ணை. நான் பூவோடு போகும்போது சைக்கிளை ஸ்ராண்டில் விட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றி, சிலுவை போட்டுக்கொண்டு நின்றார். பின்னால் ஆள் வந்த சத்தம் கேட்டு, திரும்பாமலே கேட்டார்.

"எப்ப நடந்தது?"

"எது அண்ணை?"

"நல்ல மனிசி. வாய்தான் கொஞ்சம்."

"வாய்க்கு என்ன குறை?" என்றேன்.

மனிதர் திரும்பினார். நல்ல காலம், சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். நான் வீட்டுக்கு வந்தும் சிரித்தேன். அடுத்த கிழமை பாண் கொண்டுவரும் ஓட்டோக்காரர் என் கேற்றடியில் ஹோர்ன் அடிக்காமல் மெதுவாகக் கடந்துபோவதைக் கண்டு, ஓடிப்போய் மறித்து இறாத்தல் பாண் வாங்கினேன். பக்கத்து வீட்டுக்காரி மட்டும் முகத்தைச் சுளித்தாள்.

"அக்கா, உதை எடுங்கோ. உயிரோடை இருக்கிற ஆளுக்கு முன்னாலை திரி கொளுத்தக் கூடாது."

"மூத்திரத்தை விடச் சாவு பரவாயில்லை," என்றேன்.

அது சும்மா சொன்ன பதில். உண்மையான காரணத்தை அன்றிரவு படுக்கும்போது எனக்கு நானே ஒப்புக்கொண்டேன். இந்தச் செய்தி கைமாறிக் கைமாறிச் சண்டிலிப்பாய் வரைக்கும் போகுமோ என்று ஒரு நினைவு வந்துவிட்டது. வந்த நினைவை நான் துரத்தவில்லை. அடுத்த நாளும் பூ மாற்றினேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை. மத்தியானச் சமையலுக்கு வீட்டுக்குப் பின்பக்கம் குந்தியிருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். முன்னால் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. கேற் திறந்த சத்தம். அதோடு ஒரு பெண் குரல் எடுத்து அழுதது.

"என்ரை அக்காச்சி..."

பதினொரு வருடம் கேட்காத குரல். எழும்பிக் குசினிக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றேன். இடுக்கால் முற்றம் தெரிந்தது. தங்கச்சி வெள்ளைச் சேலையோடு முற்றத்து மண்ணில் இருந்துவிட்டாள். தலைமயிர் நரைத்திருந்தது. அவளுடைய மனிசன் கேற்றடியில் ஹெல்மெற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, உள்ளே வரவா விடவா என்று தெரியாமல் நின்றார்.

"எனக்கொரு சொல்லுச் சொல்லாமல் போட்டியே அக்காச்சி... உன்ரை செத்த வீட்டுக்கு வருவன் எண்டு சொல்லிப் போட்டுப் போனனான், அதுக்கும் வர விடாமல் போட்டியே... கெட்டதுக்குக் கூடக் கூப்பிட ஆளில்லாமல் போச்சே எனக்கு..."

வெளியே போயிருக்க வேண்டும். போகவில்லை. தன் செத்த வீட்டு அழுகையைத் தன் காதால் கேட்கக் கிடைத்தவர்கள் எத்தனை பேர்? கையில் மீன் கத்தியோடு கேட்டுக்கொண்டு நின்றேன். பதினொரு வருடம் நான் கேட்க ஆசைப்பட்டதெல்லாம் அதில் இருந்தது. அது எனக்கு வேண்டியிருந்தது. வெட்கம்தான், ஆனால் உண்மை.

"ஒவ்வொரு பெருநாளுக்கும் வந்தனான் அக்காச்சி. பஸ்ஸாலை இறங்கி, அந்த முடக்கு மட்டும் வந்து, உன்ரை கேற்றைப் பாத்துப் போட்டுத் திரும்பிப் போனனான்..."

அதற்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை. கத்தியைக் குசினி மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். கையெல்லாம் மீன் செதில்.

"நான் இஞ்சை நிக்கிறன்," என்றேன்.

அவளுடைய மனிசன் "முருகா" என்றார். தங்கச்சி வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள்.

"நீ சாகேல்லையோ?"

"இல்லை."

"அப்ப உந்தப் படம்?"

"பிள்ளையள் கீறினது."

"திகதி?"

"கீறி முடிச்ச திகதி."

"பூ? திரி?"

"நான் வைச்சது."

"உனக்கு நீயே வைச்சனியோ?"

"மூத்திரம் பெய்யிறாங்கள்," என்றேன். அந்த இடத்தில் சொல்ல வேறு பொருத்தமான சொல் எனக்கு வரவில்லை.

அவள் எழும்பி வந்து கைப்பையால் என் தோளில் அடித்தாள். ஒருமுறை இல்லை, மூன்றுமுறை. நல்ல பலமான அடி. பிறகு அதே தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். இந்த முறை பாட்டு இல்லை, சொல் இல்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சின்னப் பிள்ளை அழுவது போல் அழுதாள். மீன் கையால் அவளைத் தொடக்கூடாதென்று இரண்டு கையையும் விரித்துப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

நடந்தது இதுதான். அவளுடைய மனிசன் கத்தரித் தோட்டத்தில் மயில் இறங்குகிறதென்று, மேலால் விரித்துக் கட்டப் பழைய மீன்வலை வாங்கக் காலையில் குருநகருக்கு வந்திருக்கிறார். முடக்கில் படத்தைக் கண்டு, அம்மாவின் செத்த வீட்டில் தூரத்தில் பார்த்த முகமென்று நாடி மச்சத்தில் அடையாளம் பிடித்தார். திகதியைப் பார்த்தால் மூன்று கிழமைக்கு மேல். காரியமெல்லாம் முடிந்துவிட்டதென்று நினைத்து, வலையும் வாங்காமல் திரும்பிப் போய் அவளிடம் சொல்லியிருக்கிறார்.

"ஒருத்தரையும் விசாரிக்கேல்லையோ?" என்று அவரிடம் கேட்டேன்.

"சொந்த மச்சாள் செத்ததை அயலிலை விசாரிக்கிறதோ அக்கா? வெக்கமெல்லே," என்றார். அவரை நான் அன்றுதான் கிட்ட நின்று பார்த்தேன். உடுப்பில் போயிலை வாசம் அடித்தது. அமைதியான மனிதர்.

"தண்ணி தரட்டோ?" என்று தங்கச்சியிடம் கேட்டேன். அவள் வேண்டாமென்று தலையாட்டினாள். செத்த வீட்டுக்குப் போனால் வீட்டுக்கு வந்து முழுகும்வரை பச்சைத் தண்ணியும் குடிக்காமல் இருப்பது, சைவ வீட்டுக்குப் போனபின் அவளுக்குப் பழகிப்போன வழக்கம். ஆட்டிய தலையை நடுவில் நிறுத்தினாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "தா," என்றாள்.

பேணியில் கொடுத்தேன். மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டார்கள். உறைப்புக் காணாதென்று சொல்லிவிட்டு இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டாள்.

வெயில் தாழ்ந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போனேன். பாரை மீனைக் காட்டினேன். நண்டுகளைக் காட்டினேன். அவளும் இருபத்துமூன்று என்று எண்ணிவிட்டு, மேலே கூரையோடு ஒட்டி நான் காணாத ஒன்றையும் காட்டினாள். இருபத்துநான்கு. சைக்கிள் காகத்துக்கு முன்னால் நின்று, "உவர் எங்கடை பழைய வாத்தியார்," என்றாள். அவர்தான். எனக்கு இத்தனை நாளும் அது பிடிபடவில்லை. ஐஸ்பழம் சாப்பிடும் பிள்ளைகளின் படத்தை அன்று நான் வேகமாகக் கடக்கவில்லை. அவள் அதன் முன்னால் நின்றாள். நானும் பக்கத்தில் நின்றேன்.

கடைசியாக முடக்குக்கு வந்தோம். அவள் குனிந்து குவளையை எடுத்து, திரியை ஊதி அணைத்தாள். பூவைக் கூட்டி அள்ளி வீதியோரக் காணுக்குள் போட்டாள்.

"மூத்திரம் பெய்வாங்கள்," என்றேன்.

"பெய்யட்டும். கழுவினாப் போகும்." படத்தைச் சாய்ந்து சாய்ந்து பார்த்தாள். "மூக்கு உன்ரை இல்லை. என்ரை மூக்கைக் கீறி வைச்சிருக்குதுகள்."

"உனக்கும் எனக்கும் ஒரே மூக்குத்தானே."

அவள் படத்தைப் பார்த்தபடியே கேட்டாள். "உப்பிடித் திரியும் பூவும் வைச்சால் சனம் என்ன நினைக்குமெண்டு உனக்குத் தெரியாதோ?"

பொய் சொல்ல வாய்ப்பிருந்தது. அவள் நம்பியும் இருப்பாள்.

"முதல் தெரியாது," என்றேன். "பிறகு தெரியும்."

"தெரிஞ்சும் எடுக்கேல்லையோ?"

"எடுக்கேல்லை."

"நான் வருவன் எண்டோ?"

"ஓம்."

அவள் குவளையை என் கையில் தந்தாள். கண்ணாடி இன்னும் சூடாக இருந்தது. வீடு வந்து சேரும்வரை அவள் கதைக்கவில்லை. மத்தியானம் வந்த தங்கச்சியை நான் பின்னேரத்தில் திரும்பவும் இழந்துவிட்டேன் என்று நினைத்தேன். குற்றம் முழுவதும் என்னுடையது, இந்த முறை பங்கு பிரிக்கவும் ஆளில்லை.

இதற்கிடையில் அவளுடைய மனிசன் பக்கத்து வீட்டுக்காரியிடம் பழைய வலை வாங்கி, பெரிய பொட்டலமாக மோட்டார் சைக்கிளின் பின் சீற்றில் கட்டிவைத்திருந்தார். ஆளுக்கு இடமில்லை. தங்கச்சி அந்த வலைப் பொட்டலத்துக்கு மேலேயே ஒருபக்கமாக ஏறி இருந்தாள். கால் நிலத்துக்கு எட்டவில்லை. வெள்ளைச் சேலையில் மீன் வாசம் பிடிக்கும் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். செத்த வீட்டுக்கென்று வெளிக்கிட்டு வந்த பயணம், சொல்லிக்கொண்டு போகக்கூடாதென்று நினைத்தாரோ தெரியாது. மோட்டார் சைக்கிள் ஸ்ராட் ஆகி ஒழுங்கையால் போனது. நான் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முடக்கு வரைக்கும் போனவர்கள் அங்கே நின்றார்கள். என் படத்துக்குப் பக்கத்தில். அவள் அவருடைய தோளைப் பிடித்து, வலைப் பொட்டலத்திலிருந்து சறுக்கி இறங்குவது தெரிந்தது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவ்வளவு தூரமும் நடந்து வந்தாள். மூச்சு வாங்கியது. அவளுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது.

கேற்றுக்கு முன்னால் வந்து நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

"போட்டு வாறன், அக்காச்சி," என்றாள்.

"ஓம்," என்றேன். "வா."